மேடையில் மொழி! வாயிலில் மாணவர்!

சடங்குகளைச் சாடுவது நமக்குப் புதிய வேலையன்று. கோயிலில் நடக்கும் சடங்கைப் பார்த்து, ஏன் என்று கேட்டோம். திருமணத்தில் நடக்கும் சடங்கைப் பார்த்து, யாருக்காக என்று கேட்டோம். இழவு வீட்டுச் சடங்கையும் விடவில்லை. பயன் என்ன என்று கேட்டோம். ஆனால் கல்லூரி மண்டபத்துக்குள்ளே, பட்டம் பெற்ற பெரியோர் கூடி, பொன்னாடை போர்த்தி, ஆராய்ச்சி என்ற பெயரால் நடத்தும் சடங்கு ஒன்று உண்டு. அதனிடம் மட்டும் இக்கேள்விகளைக் கேட்கத் தயங்கி நிற்கிறோம். படித்தவர் செய்வது பகுத்தறிவுக்குப் பொருந்தியதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை நமக்கு! அந்த நம்பிக்கையும் மூடநம்பிக்கையே என்பதை, அண்மையில் இரண்டு நாட்கள் ஒரு மாநாட்டில் அமர்ந்திருந்து அறிந்துகொண்டோம்.

கல்லூரி ஆங்கில ஆசிரியர்களின் மாநாடு அது. ஊரின் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டா. ஒரு கல்லூரியைக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ஊர்தோறும் நடப்பதைத்தான் அங்கும் கண்டோம். பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் நாம் அங்கு ஏன் சென்றோம்? நம் கையிலிருந்து புறப்படும் பிள்ளைகளைக் கைநீட்டி வாங்கிக்கொள்வோர் அக்கல்லூரி ஆசிரியர்கள்தாமே! கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருமுறையேனும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டாவா? பள்ளி ஆசிரியர்கள் கட்டணம் செலுத்திக் கேட்கலாம், கட்டுரை படிக்கலாகாது என்றது விதி. சரி, கேட்டுவிட்டேனும் வருவோம் என்று கிளம்பினோம்.

அழைப்பிதழ் மூன்று திங்களுக்கு முன்பே கைப்பேசிக்கு வந்திருந்தது. மொழி, இலக்கியம், பண்பாடு, ஊடகம், சூழலியல், தொழில்நுட்பம் ஆகியவற்றில் புதிய பார்வைகள் என்று தலைப்பு. இத்தலைப்புக்குள் அடங்காத பொருள் இவ்வுலகில் உண்டோ? வலை அகலமாக இருந்தால்தானே மீன் மிகுதியாக விழும்! அதற்கு அடியில் கட்டணப் பட்டியல். ஆசிரியருக்கு ஒரு தொகை. ஆய்வு மாணவருக்கு ஒரு தொகை. நேரில் வராமல் கட்டுரையை மட்டும் அனுப்பிச் சான்றிதழ் பெற விழைவோருக்கு ஒரு தொகை. திருமணத்துக்கு வராமல் மொய்ப்பணம் மட்டும் அனுப்புவோரைக் கண்டிருக்கிறோம். மொய் அனுப்பியவரையே மணமகன் என்று எழுதித் தருவதை இங்குதான் கண்டோம்!

மாநாட்டுக்கு எத்தனை குழுக்கள்! வரவேற்புக் குழு, மேடைக் குழு, உணவுக் குழு, பதிவுக் குழு, நிழற்படக் குழு. கட்டுரைகளைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் குழு உண்டா என்று தேடினோம். இருந்தது. அக்குழுவில் இருந்த நண்பர் ஒருவரே சிரித்துக்கொண்டு சொன்னார், பணம் வந்து சேர்ந்த கட்டுரை எதையும் திருப்பி அனுப்பவில்லை என்று. திட்டமிடுதல் என்றால் இதுதான் போலும்! பந்திக்கு எத்தனை இலை என்பது திட்டமிடப்பட்டது. மேடையில் எத்தனை நாற்காலி என்பது திட்டமிடப்பட்டது. பேச வேண்டிய சிக்கல் எது, பேசி முடித்தபின் வகுப்பறையில் மாற வேண்டியது எது என்பதுமட்டும் யாருடைய திட்டத்திலும் இல்லை.

குறித்த நாளில் சென்றோம். வாயிலில் வாழைமரம், தோரணம், வண்ணக்கோலம். இருபுறமும் மாணவியர், ஒரே நிறச் சேலையில், கையில் தட்டுடன். பன்னீர், சந்தனம், கற்கண்டு, ரோசாப்பூ. அந்த வரிசையில் ஒரு முகம் நம்மைக் கண்டு மலர்ந்தது. பள்ளியில் நம்மிடம் படித்த பெண். விசைத்தறித் தொழிலாளியின் மகள். அக்குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. “படிப்பு எப்படியம்மா?” என்றோம். மலர்ந்த முகம் சற்றே வாடிற்று. இரண்டு தாள்கள் ‘அரியர்’ என்றாள். வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமேனும் இதுவரை பேசியதில்லை என்றாள். பிறகு மண்டபத்தின் உட்புறம் எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: “உள்ளே எங்களைப் பற்றித்தான் பேசப் போகிறார்களா, ஐயா?”

“ஆமாம், வேறு யாரைப் பற்றி? நீயும் வந்து கேளேன்” என்றோம்.

“நாங்கள் உள்ளே உட்காரக் கூடாது ஐயா. தேநீர் கொடுக்க வேண்டும்.”

ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டிய விழா பதினொரு மணிக்குத் தொடங்கிற்று. இறைவணக்கம், குத்துவிளக்கு, திரிக்கு ஒருவராக ஐந்து பெரியோர். அறிவின் பெயரால் கூடிய அவையில் முதல் அரைமணி நேரம் கலைமகள் படத்துக்கு! அடுத்த ஒரு மணி நேரம் பொன்னாடைக்கு! வரவேற்றவரை வாழ்த்தியவருக்கு ஒரு நினைவுப்பரிசு. வாழ்த்தியவரை வரவேற்றவருக்கு ஒரு நினைவுப்பரிசு. வெளிநாட்டிலிருந்து பேராசிரியர் ஒருவர் திரையில் தோன்றிப் பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடத்தால் மாநாடு ‘பன்னாட்டு’ மாநாடாயிற்று. தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டுவதற்காக, நாளும் இடமும் பதிந்த நிழற்படங்கள் ஓயாமல் எடுக்கப்பட்டன. மண்டபத்தில் மிகக் கடுமையாக உழைத்தவர் நிழற்படக்காரர்தாம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நன்றி மறத்தலாகும்.

பிற்பகலில் கட்டுரைகள். நாம் இருந்த அறையில் 14 பேர். ஆளுக்கு 7 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மணி, ஏழாவது நிமிடத்தில் இரு மணி. எழுதி வந்ததைத் தலைநிமிராமல் படித்தார்கள். படித்து முடித்தவர் சான்றிதழ் வாங்க எழுந்து சென்றார். அவர் கட்டுரையைக் கேட்டவர்கள், தம் முறைக்காகக் காத்திருந்தவர்கள் மட்டுமே. நாம் படித்தறியாத ஐரோப்பிய அறிஞர் பெயர்கள் மழையெனப் பொழிந்தன. அப்பெயர்களைக் குறை சொல்லவில்லை. எந்நாட்டு அறிவும் நமக்கு உறவே. ஆனால் ஒரு கோட்பாட்டைக் கொண்டுவந்து ஒரு புதினத்தின்மேல் வைத்து, பொருந்துகிறது பாருங்கள் என்று காட்டிவிட்டு இறங்குவது ஆராய்ச்சியாகுமா? சோதிடன் கட்டத்தை வைத்துக்கொண்டு வாழ்க்கையைப் பொருத்திக் காட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பொருந்தாத இடம் எது என்று தேடுபவனல்லவா ஆராய்ச்சியாளன்!

பதினான்கில் ஒன்று மட்டும் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் இளம்பெண் ஒருவர் பேசினார், படிக்கவில்லை, பேசினார். தம் வகுப்பில் சிறுகதையை நடத்தியபோது மாணவர் வாய் திறக்கவேயில்லையாம். ஒருநாள், கதையைப் பற்றி முதலில் தமிழில் பேசுங்கள், வாதாடுங்கள், சண்டையும் போடுங்கள் என்று விட்டாராம். வகுப்பு கொதித்தெழுந்ததாம். அந்தச் சூடு ஆறுமுன், சொன்னதை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுங்கள் என்றாராம். ஒரு வரிகூட எழுதாதவர்கள் எட்டு வரி எழுதினார்களாம். பிழை இருந்தது, ஆனால் கருத்து இருந்தது என்றார். எழுதிய தாள்களை எடுத்துக் காட்ட முனைந்தார். இரண்டாம் மணி அடித்தது. அமர்வின் தலைவர் புன்னகையோடு தீர்ப்பு வழங்கினார்: முயற்சி நன்று, எனினும் ஆங்கில வகுப்பில் தமிழுக்கு இடமளித்தால் ஆங்கிலத்தின் தரம் தாழும். கேள்வி கேட்க நாம் கை உயர்த்தினோம். நேரமில்லை என்றார்கள். தேநீர் வந்துவிட்டது.

அந்தத் தலைவர்மேல் நமக்குச் சினமில்லை. அவர் கூறியது அவர் கண்டுபிடித்ததன்று. அவருடைய ஆசிரியர் அவருக்குச் சொன்னது. அவருக்கு அவருடைய ஆசிரியர். மந்திரம் அப்படித்தானே வழிவழியாக வரும்! இந்த மந்திரத்துக்கு முத்திரை குத்திய இடமும் ஒரு மாநாடுதான் என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும்.

1961 சனவரியில், ஆப்பிரிக்காவில், உகாண்டாவின் கம்பாலா நகரில், மக்கெரெரே பல்கலைக்கழகக் கல்லூரியில் அம்மாநாடு கூடிற்று. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றிய காமன்வெல்த் மாநாடு. உகாண்டா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அது விடுதலை பெற்றது 1962 அக்டோபரில். கொடி இறங்கப் போகிறது, மொழி இறங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற காலம் அது. அம்மாநாட்டின் வழியே வலுப்பெற்ற நம்பிக்கைகள் ஐந்து. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே தலைசிறந்த ஆசிரியர். எவ்வளவு இளமையில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. எவ்வளவு மிகுதியாக ஆங்கிலம் புகட்டுகிறோமோ அவ்வளவு நன்று. பிற மொழிகள் வகுப்பில் புழங்கினால் ஆங்கிலத்தின் தரம் தாழும்.

ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய ராபர்ட் பிலிப்சன் என்ற அறிஞரே, 1992-ல் வெளியிட்ட மொழி ஏகாதிபத்தியம் பற்றிய தம் நூலில் இந்த ஐந்தையும் எடுத்து வைத்து, ஐந்தும் பொய் என்று ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டினார். ஆங்கிலேயர் எழுதிய மறுப்பு அச்சேறி 30 ஆண்டுகளுக்கு மேலாகியும், ஆங்கிலேயர் போட்ட முடிச்சை அவிழ்க்க மனமின்றி நம்மவர் மணி அடிக்கிறார்கள்! தாய்மொழியில் சிந்தித்த பிள்ளை தடுமாறுவான் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்பாரில்லை. தமிழில் பேசவிட்ட பிள்ளை ஆங்கிலத்தில் எட்டு வரி எழுதினான் என்பதற்குச் சான்றைக் கையில் ஏந்தி ஒரு பெண் நின்றார். சான்றை ஒதுக்கினார்கள், மந்திரத்தைப் போற்றினார்கள். பகுத்தறிவாளர்க்கு இக்காட்சி பழக்கமானதுதானே?

அதே மக்கெரெரேயில், 1962 சூனில், இன்னொரு மாநாடு கூடிற்று. ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு. இரண்டொரு கதைகளே அச்சேறியிருந்த மாணவர் ஒருவர் அதற்கு அழைக்கப்பட்டார். சுவாகிலி மொழியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கு இடமில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதவில்லை அல்லவா! அழைக்கப்பட்ட அந்த மாணவரே, பிற்காலத்தில் இந்த அநீதியை உலகறிய எடுத்துரைத்தார். அவர் கூகி வா தியாங்கோ. 2025-ல் மறையும்வரை தாய்மொழி உரிமைக்காக எழுதிக்கொண்டிருந்தவர். மேடையில் யார், வாயிலில் யார் என்று முடிவு செய்வதுதான் மாநாட்டின் முதல் தீர்மானம். அத்தீர்மானம் அழைப்பிதழ் அச்சாகும்போதே நிறைவேறிவிடுகிறது.

சரி, நம் நாட்டில் இவ்வளவு மாநாடுகள் ஏன்? ஆர்வம் பெருகிவிட்டதா? இல்லை, மதிப்பெண் பெருகிவிட்டது! பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் வகுத்த விதிகளில், ஆசிரியர் பணியுயர்வுக்குப் புள்ளிகள் குறிக்கப்பட்டன. பன்னாட்டு மாநாட்டில் கட்டுரை படித்தால் 10; தேசிய மாநாட்டில் 7.5, மாநில அளவில் 5, கல்லூரி அளவில் 3. கல்லூரிக் கருத்தரங்கெல்லாம் ஒரே இரவில் பன்னாட்டு மாநாடுகளாக வளர்ந்த விந்தையின் காரணம் புரிகிறதா? 2018-ல் விதிகள் திருத்தி எழுதப்பட்டன. எண்கள் மாறின, எண்ணும் பழக்கம் மாறவில்லை. கோயில் உண்டியலில் போட்டால் புண்ணியம் என்றான் புரோகிதன். மாநாட்டுப் பதிவேட்டில் போட்டால் புள்ளி என்கிறது விதி. நிலையான வேலையில்லாத கௌரவ விரிவுரையாளர்தாம் இதில் மிகுதியாக நசுங்குகிறார்கள். சொற்ப ஊதியத்தில் பிடித்துவைத்த காசைக் கட்டணமாகக் கட்டி, பேருந்தில் இரவெல்லாம் பயணம் செய்து, ஏழு நிமிடம் பேசி, மணியோசை கேட்டுத் திரும்புகிறார்கள். அவர்களை நாம் எள்ளவில்லை. அவர்களுக்காகவும்தான் எழுதுகிறோம்.

மாநாடே வேண்டா என்கிறோமா? இல்லை. மாநாடு கூட்டித்தான் நம் இயக்கமே வளர்ந்தது. கூடிப் பேசுவதன் வலிமை நமக்குத் தெரியும். கல்லூரி ஆங்கில ஆசிரியர் கூடினால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் வரலாற்றில் சான்றுண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கக் கல்லூரிகளில் புதிய கூட்டம் புகுந்தது. போர்வீரர் படிப்புக்குப் பணம் தரும் சட்டம் 1944-ல் வந்ததால், உழவர் மகனும் தொழிலாளர் மகனும் கல்லூரி வாயிலில் வந்து நின்றனர். இவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தருவது எப்படி என்று தடுமாறிய ஆசிரியர்கள் 1949-ல் சிக்காகோவில் கூடித் தமக்கென ஆண்டு மாநாடு ஒன்றை அமைத்துக்கொண்டனர். அடுத்துக் கறுப்பின மாணவர்களும் வறிய மாணவர்களும் வந்தனர். உங்கள் வீட்டு மொழி கொச்சை, அதைத் துடைத்துவிட்டு வாருங்கள் என்று அவர்களிடம் கல்லூரி சொல்லலாமா? இக்கேள்வியை அம்மாநாடு ஆண்டுக்கணக்கில் வாதித்தது. 1974-ல், கலிபோர்னியாவின் அனகைம் நகரில், மாணவர் தம் சொந்த மொழிவழக்குக்கு உரிமை உடையவர் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அம்மாணவர்க்குக் கற்பிக்கத் தக்க பயிற்சியை ஆசிரியர்தான் பெற வேண்டும் என்றும் கூறியது. எதிர்த்தோர் இருந்தனர், கண்டித்து எழுதினோர் இருந்தனர். இருக்கட்டுமே! சண்டையிடத் தக்க ஒரு பொருளேனும் அவர்கள் மேடையில் இருந்ததல்லவா?

அதே காலத்தில் நியூயார்க்கில், 1970-ல், நகரப் பல்கலைக்கழகம் உயர்நிலைப்பள்ளி முடித்தவர் அனைவர்க்கும் கதவைத் திறந்தது. வந்த பிள்ளைகள் எழுதியதைக் கண்டு பேராசிரியர்கள் பலர் தலையில் கைவைத்துக்கொண்டனர். மினா ஷானெசி என்ற ஆசிரியை அப்படிச் செய்யவில்லை. மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். பிழைகளை எண்ணி மதிப்பெண் குறைப்பதற்காக அன்று. பிழை ஏன் நேர்கிறது என்று அறிவதற்காக! பிழைக்குள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது, மாணவன் சிந்தித்தே தவறுகிறான், அச்சிந்தனையின் வழியைப் பிடித்தால் அவனைத் திருத்தலாம் என்று கண்டு 1977-ல் நூலாக வெளியிட்டார். விதியை நொந்துகொள்ளாமல் காரணத்தைத் தேடுவதற்குப் பெயர் என்ன, தோழர்களே? அதற்குத்தானே பகுத்தறிவு என்று பெயர்!

அயல்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பார்க்கு அருகிலிருந்தே காட்டுவோம். பெங்களூரில், தென்னிந்தியாவுக்கான ஆங்கில ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நடந்த கருத்தரங்குகளிலிருந்து ஓர் எண்ணம் பிறந்தது. இலக்கணத்தை உருப்போடச் செய்யாமல், மாணவர் மூளைக்கு வேலை தரும் சிறுசிறு புதிர்களைக் கொடுத்தால், அவற்றை விடுவிக்கும் முயற்சியிலேயே மொழி வந்து சேரும் என்பது அவ்வெண்ணம். என்.எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை, பெங்களூரிலும் சென்னையிலும் சில எளிய பள்ளிகளில் அதை நடத்திப் பார்த்தார். கருத்தரங்கில் பேசியது வகுப்பறைக்குச் சென்றது. வகுப்பறையில் கண்டது கருத்தரங்குக்குத் திரும்பி வந்தது. இன்று உலகெங்கும் மொழி கற்பிப்போர் அம்முயற்சியைப் படிக்கிறார்கள். அந்த வழியைக் காட்டிய மண்ணில்தான், தாள்களைக் காட்ட முனைந்த பெண்ணுக்கு மணி அடிக்கிறோம்!

யாழ்ப்பாணத்தையும் பாருங்கள். போர் நடந்த நாட்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் மாணவர்கள் பயன்படுத்திய அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களைப் புரட்டிப் பார்த்தார். அச்சிட்ட பாடத்தை அன்று. மாணவர் ஓரத்தில் கிறுக்கியிருந்தவற்றை! தங்கள் மண்ணின் போராட்டமும் தங்கள் மொழியும் அங்கே கோடுகளாகவும் வரிகளாகவும் கிடந்தன. பாடம் ஒரு திசையில் போகிறது, பிள்ளையின் வாழ்க்கை வேறு திசையில் போகிறது என்பதற்கு அந்த ஓரங்களே சாட்சி. எழுதக் காகிதமும் கிட்டாத நாட்களில் பிறந்த ஆராய்ச்சி உலக அரங்கில் மதிக்கப்பட்டது. பன்னீரும் பந்தலும் அதற்குத் தேவைப்படவில்லை; மாணவனைப் பார்க்கும் கண் தேவைப்பட்டது.

ஆகவே, மாநாடு கூட்டுவோர்க்கு ஐந்து சொல்கிறோம். தலைப்பில் உலகம் முழுவதையும் அடக்க வேண்டா. ஒரு சிக்கலை எடுங்கள். முதலாண்டு மாணவர் ஆங்கிலத் தாளில் ஏன் தோற்கிறார் என்பது ஒன்றே இரண்டு நாளுக்குப் போதும். பதினான்கு கட்டுரைக்கு மாறாக நான்கு கட்டுரைகள் இருக்கட்டும். அவற்றை முன்கூட்டியே எல்லார்க்கும் அனுப்பிவிட்டு, மண்டபத்தில் வாதம் மட்டும் நடக்கட்டும். ஒவ்வொருவரும் தம் மாணவர் எழுதிய பத்துத் தாள்களோடு வரட்டும். பெயரை மறைத்துவிட்டு, பிழையைப் பொதுவில் ஆராயட்டும். பள்ளி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பேசும் உரிமையோடு இருக்கை தரட்டும். ஓராண்டு கழித்து அதே மண்டபத்தில் கூடி, சென்ற ஆண்டு சொன்னதைச் செய்து பார்த்தீர்களா, என்ன கண்டீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்கட்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பொன்னாடைக்கு ஆகும் பணத்தில் தாள்களைப் படியெடுத்துவிடலாம்.

விளக்கும் மாலையும் இல்லாவிட்டால் விழாவுக்கு மதிப்பேது என்பார் சிலர். தாலியும் தீயும் இல்லாவிட்டால் திருமணமேது என்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அவர்களுக்குச் சுயமரியாதைத் திருமணம் விடை தந்தது. இவர்களுக்குச் சுயமரியாதை மாநாடு ஒன்று விடை தரட்டும்!

கல்லூரி ஆசிரியர் எப்படிக் கூடினால் நமக்கென்ன என்று இயக்கத் தோழர் எவரேனும் எண்ணினால், அவர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். 1965-ல் இந்தி அரியணை ஏற இருந்தபோது, தெருவில் இறங்கியவர்கள் மாணவர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் அவ்வாண்டு சனவரி 27-ல் குண்டுக்கு இரையானார். அந்தக் கிளர்ச்சியின் விளைவாகவே, 1967-ல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆங்கிலம் நீடிக்க உறுதி கிடைத்தது. 1968 சனவரி 23-ல் அண்ணாவின் அரசு சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கியது. தமிழ் நம் உயிர். ஆங்கிலம் உலகுக்கு நம் சாளரம் என்றோம். அந்தச் சாளரம் யாருக்குத் திறந்திருக்கிறது? நகரத்தில் பணம் கட்டிப் படித்த பிள்ளைக்குத் திறந்திருக்கிறது. தறிக்காரர் மகளுக்கு அது கண்ணாடி போட்டு அடைத்த சாளரம். வெளியே வெளிச்சம் தெரிகிறது, காற்று வருவதில்லை. கேடயம் என்று நாம் பெற்றுத்தந்த மொழி, ஏழைப் பிள்ளைக்குத் தலைச்சுமையாகிவிட்டால், இருமொழிக் கொள்கையை எதிரிகள் வந்து வீழ்த்த வேண்டா. நம் வகுப்பறைகளே வீழ்த்திவிடும். பள்ளியில் கற்பிக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. அந்தப் பெண் வாய் திறக்கவில்லை என்றால், திறக்கும் துணிவைப் பள்ளியில் நாமும் தரவில்லை என்றுதானே பொருள்! அக்குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம்.

இரண்டாம் நாள் மாலை நிறைவு விழா முடிந்தது. பெரியோர் நினைவுப்பரிசுகளுடன் ஊர்திகளில் ஏறிச் சென்றனர். மண்டபத்தில் மாணவியர் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தனர். நம் மாணவி ஓடி வந்தாள். கையில் ஒரு சான்றிதழ். ஏவல் செய்த பிள்ளைகள் எல்லார்க்கும் கொடுத்தார்களாம். வாங்கிப் பார்த்தோம். பன்னாட்டு மாநாட்டில் இவர் பங்கேற்றார் என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டு நாளில் ஒரு நொடியும் உள்ளே உட்காராதவளுக்குப் பங்கேற்புச் சான்று!

“என்ன பேசினார்கள், ஐயா?” என்று கேட்டாள்.

நம்மிடம் விடையில்லை. அவளிடம் அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதினோம். அடுத்த மாநாட்டில் அக்கேள்வியை அவள் நம்மிடம் கேட்கும் நிலை இருக்கக் கூடாது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே வந்து, ஒலிபெருக்கிமுன் நின்று, தமிழிலோ, தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்திலோ, அவளே பேச வேண்டும். பேராசிரியர்கள் கேட்க வேண்டும். அன்று கூடுவதுதான் ஆங்கில ஆசிரியர் மாநாடு!